பதிவேட்டில் இடமில்லாத மூன்று சக்கரங்கள்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலால் திருமுதுகுன்றம் என்ற பழம்பெயரோடும், விழுப்புரம் – திருச்சி இருப்புப்பாதையிலிருந்து கடலூருக்கும் சேலத்துக்கும் கிளை பிரியும் சந்திப்பு என்ற சிறப்போடும் அறியப்பட்ட ஊராகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதற்கு மூன்றாவதாக ஓர் அடையாளம் சேர்ந்தது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண் அகற்றப்பட்டபோது கிடைத்த வெண்களிமண், பீங்கான் செய்வதற்கு ஏற்றதாக இருந்தமையால், விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உருவாயின. மின்சாரப் பியூஸ் கட்டைகளும் ஜாடிகளும் பொம்மைகளும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்றன. இத்தகைய ஊரின் தொழில் வரலாற்றை எழுதுவோர் களிமண்ணுக்கும் சூளைக்கும் உரிய இடம் அளிக்கின்றனர். ஆனால் சூளைக்கு மண்ணையும் விறகையும், கடைக்கும் ரயிலடிக்கும் உடையக்கூடிய சரக்கையும் ஏற்றிச் சென்ற சிறு வண்டிகளை ஏறக்குறைய எவரும் எழுதுவதில்லை. லாரி நுழைய முடியாத சந்துகளிலும், மழைக்குப் பின் சேறாகும் மண்பாதைகளிலும், மாட்டு வண்டியின் வேகம் போதாத தொலைவுகளிலும் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் சரக்கைச் சுமந்தவை மூன்று சக்கர மோட்டார் வண்டிகளே. அவ்வண்டிகள் எவ்வாறு தோன்றின, பட்டறைகளில் எவ்வாறு உருமாறின, இன்று அவற்றைப் பழுதுநீக்கிப் பாதுகாப்பதில் உள்ள தடை யாது என்பவற்றை ஆராய்வது, ஒரு பீங்கான் நகரின் வரலாற்றுக்கு மட்டுமின்றி, பட்டறை வைத்திருக்கும் எல்லா ஊர்களின் வரலாற்றுக்கும் உரிய பணியாகும்.

மோட்டார் வண்டியின் வரலாறே மூன்று சக்கரத்தில்தான் தொடங்குகிறது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டிக்கு முன்புறம் ஒரு சக்கரமும் பின்புறம் இரு சக்கரங்களும் இருந்தன. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒருசேரத் திருப்பும் பொறியமைப்பு அப்போது அவருக்கு மனநிறைவு தரவில்லை என்பதே அதற்குக் காரணம். பின்னர் நான்கு சக்கரக் கார் முன்னேறிவிட, மூன்று சக்கரம் ஏழை நாடுகளுக்கும் போரால் நலிந்த நாடுகளுக்கும் உரியதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இத்தாலியில், வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ தாஸ்கானியோ, அதன் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு பின்பாதியில் இரு சக்கர அச்சையும் சரக்குப் பெட்டியையும் பொருத்தி, 1948-ல் பியாஜியோ நிறுவனத்தின் ‘ஆப்பே’ வண்டியை வெளிக்கொணர்ந்தார். அதன் போட்டியாளரான இன்னொசென்டி நிறுவனம் லாம்பிரெட்டா ஸ்கூட்டரை அடிப்படையாகக் கொண்டு செய்த முதல் சரக்கு வண்டியோ, இதற்கு நேர்மாறாக, முன்புறம் இரு சக்கரங்களுக்கிடையே பெட்டியும் பின்புறம் ஓட்டுநரும் அமையுமாறு உருவானது. பிற்காலத்தில் சென்னைப் பட்டறைகளில் பிறந்த ஒரு வண்டியும் இதே அமைப்பைக் கொண்டிருந்தமையால் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது நல்லது.

இவ்விரு இத்தாலிய மரபுகளும் ஒரு ஜெர்மன் மரபும் இந்தியாவுக்கு வந்தன. 1945-ல் பச்ராஜ் டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற பெயரில் தொடங்கிய பஜாஜ் நிறுவனம் 1948 முதல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளை இறக்குமதி செய்து விற்றது. 1959-ல் அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்க உரிமம் பெற்று, பியாஜியோவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் உற்பத்தியில் இறங்கியது. பம்பாயில் 1949-ல் அமைந்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்பிரெட்டா மரபைக் கொண்டுவந்தது. பின்னாளில் சென்னையின் எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தின் கைக்கு அது வந்ததால் தமிழ்நாட்டோடும் அதற்கு உறவு உண்டு. ஹாம்பர்க் நகரில் தயாரான டெம்போ ஹான்சியாட் என்ற வண்டியை 1958-ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ நிறுவனம் இங்கே செய்தது. ஒற்றை முன்சக்கரத்தின் மேலேயே எஞ்சினை அமர்த்தி, சங்கிலி வழியாக அந்தச் சக்கரத்தையே சுழலச் செய்த அதன் அமைப்பு, பார்வைக்கு முரட்டுத்தனமாகத் தோன்றினாலும், பொறியியல் நோக்கில் மிகுந்த சிக்கனம் உடையது.

அச்சிக்கனத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரத்தையும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரத்தையும் கடக்கின்றன. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கி எஞ்சினால் சுழற்றினால், ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும், அல்லது வண்டி திரும்ப மறுக்கும். இதைத் தவிர்க்க, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் தேவைப்படுகிறது. அதைத் துல்லியமாகச் செய்வது தொழிற்சாலைக்குரிய வேலை. ஒரு வெல்டிங் இயந்திரமும் லேத்தும் மட்டுமே உள்ள பட்டறைக்கு அது எட்டாதது. எஞ்சின் சுழற்றுவது ஒற்றைச் சக்கரத்தை மட்டும் என்றால் டிஃபரன்ஷியலுக்கே வேலையில்லை. சங்கிலியும் இரு பல்சக்கரங்களும் போதும்; அவை எந்தப் பழைய மோட்டார் சைக்கிளிலும் கிடைப்பவை. இந்திய நகரங்களின் தெருவோரப் பட்டறைகளில் மூன்று சக்கர வண்டி உருவாக முடிந்ததற்கு வறுமையும் துணிவும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. இந்த எளிய பொறியியல் உண்மையையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அவ்வகையில் தமிழ்நாடு உருவாக்கிய வண்டி சென்னையின் மீன்பாடி வண்டியாகும். கையால் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தமிழ்நாடு அரசு 1973-ல் ஒழித்து, இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்க வழிசெய்ததற்குப் பிந்திய காலகட்டத்தில், மனிதரின் கால்வலிமையால் ஓடிய சரக்கு மிதிவண்டிகளும் மெல்ல மெல்ல மோட்டாரை நாடின. துறைமுகத்தின் மீன், சந்தையின் காய்கறி, கட்டட வேலைக்கான கம்பி, கடைக்கான தண்ணீர்க் கேன் என்று எதையும் சுமந்த இந்த வண்டியில் முன்புறம் இரு சக்கரங்களும் அவற்றின் மேல் தட்டையான சரக்குத் தளமும் உண்டு. பின்னால் ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஓட்டுநர் அமர்வார். அவருடைய இருக்கைக்குக் கீழே, கழிக்கப்பட்ட மொபெட்டிலிருந்தோ ஸ்கூட்டரிலிருந்தோ எடுத்த எஞ்சின் பற்றவைக்கப்பட்டிருக்கும். உதிரிகளுக்கு ஊற்றுக்கண்ணாக விளங்கியது எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து, எஞ்சின் வேறு, கியர்பெட்டி வேறு, கதவு வேறு என்று அடுக்கி விற்கும் அத்தெருக்கள் இல்லையேல் மீன்பாடி வண்டியும் இல்லை.

இந்த வண்டியை ஏளனமாகப் பார்ப்பது நகரத்தாரின் வழக்கமாக இருந்துள்ளது; அப்பார்வை நியாயமற்றது. எடை முழுவதும் இரு முன்சக்கரங்களுக்கு இடையே இருப்பதால், வளைவில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து புரளும் வாய்ப்பு, ஒற்றை முன்சக்கரம் உள்ள வண்டியைவிடக் குறைவு. மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் அமையும் முக்கோணத்துக்குள், வண்டியும் சுமையும் சேர்ந்த எடையின் மையம் விழும்வரை வண்டி கவிழாது என்பது இயற்பியல். சுமையைத் தாழ்வாகவும் முக்கோணத்தின் அகன்ற பக்கத்திலும் வைத்த பட்டறைக்காரர்கள் அந்த விதியைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர், சுமை ஏற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். 8 அங்குல ரிம் கொண்ட ஆட்டோ ரிக்‌ஷாவின் சிறு சக்கரம் கடற்கரை மணலில் புதையும் இடத்தில், பெரிய விட்டமுள்ள சக்கரம் மேலேறிச் செல்லும் என்பதையும் அவர்கள் அவ்வாறே கண்டறிந்தனர். அதே வேளையில் அதன் குறைகளையும் மறைக்கலாகாது. மிதிவண்டிக்காகச் செய்த சட்டகத்தில் மோட்டாரின் வேகம் ஏறியபோது பிரேக்கின் வலிமை அதற்கேற்ப ஏறவில்லை. பதிவெண்ணும் காப்பீடும் இல்லாத அவ்வண்டி ஒருவரை இடித்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வழியில்லாமற் போயிற்று. காவல்துறை அவ்வண்டிகளைப் பிடித்ததற்கு இது உண்மையான காரணமாகும்.

இந்தியாவின் பிற பகுதிகளிலும் இதையொத்த படைப்புகள் தோன்றின. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களைத் தில்லியில் மூன்று சக்கரப் பயணி வண்டிகளாக மாற்றினர். ‘பட்பட்டி’ என அழைக்கப்பட்ட அவை செங்கோட்டைப் பக்கத்துக்கும் கன்னாட் பிளேசுக்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடி, காற்று மாசுக் கட்டுப்பாட்டால் 1990களின் இறுதியில் நின்றுபோயின. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் புல்லட் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு டீசல் எஞ்சினையும் நீண்ட சரக்குத் தளத்தையும் சேர்த்து ‘சகடா’ உருவாயிற்று. கரடுமுரடான வயல்வெளிப் பாதைகளில் பருத்தி மூட்டையையும் கூலியாட்களையும் ஒருங்கே சுமந்த அதுவே இந்தியாவின் உண்மையான காட்டுவழி மூன்று சக்கர வண்டி எனலாம். அந்தப் புல்லட் பிறந்த இடம் சென்னையின் திருவொற்றியூர் என்பதால், சௌராஷ்டிரத்து வயல் வண்டிக்கும் வடசென்னைத் தொழிற்சாலைக்கும் ஓர் உறவு அமைந்துவிட்டது.

உலகின் மறுகோடியில் இதே வடிவம் முற்றிலும் வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுவதைக் கண்ட அமெரிக்க விற்பனையாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க, ஜப்பானின் ஹோண்டா நிறுவனப் பொறியாளர் ஒசாமு தகேயுச்சி, பனியிலும் மணலிலும் ஓடக்கூடிய சிறு மூன்று சக்கர வண்டியை வடிவமைத்தார். 1970-ல் அது சந்தைக்கு வந்தது. காற்றழுத்தம் மிகக் குறைந்த பலூன் டயர்களே அதற்கு அதிர்வுதாங்கிகளாகவும் விளங்கின. பின்சக்கரங்கள் டிஃபரன்ஷியல் இன்றி ஒரே அச்சில் இறுகியிருந்தமையால், திருப்பும்போது ஓட்டுபவர் தம் உடலைச் சாய்த்து ஒரு சக்கரத்தின் பிடிப்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. அந்த நுட்பம் அறியாத சிறுவர் பலர் விபத்துக்குள்ளாயினர். 1987 இறுதியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. இன்று அவ்வண்டிகளைத் தேடிப் பிடித்துத் திருகாணி வரை மூலவடிவுக்கு மீட்போர் அங்கே ஏராளம். விளையாட்டுக்காகப் பிறந்த வண்டிக்கு இத்தகைய வாழ்வு வாய்த்திருக்க, பிழைப்புக்காக உழைத்த வண்டிக்கு இங்கே அது வாய்க்கவில்லை.

பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றை மீட்டெடுக்கும் வேலை, எஞ்சினைத் திறப்பதிலிருந்து தொடங்குகிறது. பஜாஜ் வண்டிகளில் நெடுங்காலம் இருந்த 145.45 கன சென்டிமீட்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்தே எரிவதால், பிஸ்டன் தலையிலும் புகை வெளியேறும் துளையிலும் கரி படிகிறது. அதைச் சுரண்டி நீக்கிய பிறகே சிலிண்டர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்று அளக்க முடியும். தேய்மானம் மிகுந்திருந்தால் சிலிண்டரை லேத்தில் ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். பாடியின் வேலை இதைவிடக் கடினம். மழைநீர் தேங்கும் கால்பலகையின் அடிப்பகுதியும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்புகளும் முதலில் துருப்பிடிக்கின்றன; டிங்கர் அப்பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகட்டைச் சுத்தியலால் அதே வளைவுக்குத் தட்டி, பற்றவைத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்க்கிறார். அவ்வாறு தேய்க்கும்போது ஒரு வண்டியின் பழைய வண்ணங்கள் அடுக்கடுக்காக வெளிப்படும். தொழிற்சாலையின் நிறம் அடியில் இருக்கும். அதன்மேல் உரிமையாளர் மாறிய ஒவ்வொரு முறையும் பூசிய நிறங்கள் இருக்கும். எந்த அடுக்கோடு நிறுத்துவது என்று முடிவுசெய்யாமல் மீட்டெடுப்பு வேலை முன்னகர இயலாது.

விருத்தாசலத்தின் மண்ணோடு இந்த எஞ்சினுக்கு உள்ள நெருக்கமான உறவு, அதன் தலையில் திருகப்பட்டிருக்கும் ஸ்பார்க் பிளக்கில் தென்படுகிறது. பிளக்கின் நடுக்கம்பி வழியே பாயும் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம், முனையிலுள்ள சிறு இடைவெளியில் பொறியாகத் தாவுவதற்கு முன் எஞ்சினின் உடலுக்குக் கசிந்துவிடாதபடி தடுப்பது அந்த வெண்ணிறப் பீங்கான் உறையாகும். தொடக்ககாலப் பிளக்குகளில் அவ்வுறை, களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் மூன்றையும் அரைத்துக் கலந்து சுட்ட சாதாரணப் பீங்கானாக இருந்தது. விருத்தாசலத்தில் பியூஸ் கட்டைகள் உருவாவதும் இதே குடும்பத்துக் கலவையிலிருந்துதான். ஃபெல்ட்ஸ்பார் சூளையின் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் ஆகி மற்றத் துகள்களைப் பிணைக்கிறது. களிமண் வடிவத்தைத் தருகிறது. குவார்ட்ஸ் சுடும்போது பொருள் நெளியாமல் தாங்குகிறது. ஆயினும் எஞ்சினுக்குள் நொடிக்குப் பன்முறை வெப்பமும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்கியபோது அந்தப் பீங்கான் வெடிப்புற்றது. ஆகவே 1930களிலிருந்து, வெப்பத்தை விரைவாகக் கடத்தும் உறுதிமிக்க அலுமினா அதன் இடத்தைப் பிடித்தது. இந்திய மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்த மைக்கோ பிளக், 1951-ல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பெங்களூரு ஆலையிலிருந்து வந்தது.

பீங்கானுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு வேறுபாடும் உண்டு. வரலாற்றாசிரியர் கருத்தில் கொள்ள வேண்டியது அது. சுட்ட மண் மீண்டும் களிமண்ணாகாது. உடைந்தாலும் ஓடாக மண்ணுக்குள் கிடக்கும். நூற்றாண்டுகளுக்குப் பின் தோண்டுபவருக்கு அது சான்றாகும். இரும்பு அவ்வாறன்று. ஓடாத வண்டி காயலான் கடைக்குச் சென்று, எடைக்கு விலைபோய், உலையில் உருகிக் கட்டடக் கம்பியாகிவிடுகிறது. பஜாஜ் நிறுவனம் 1977-ல் பின்புற எஞ்சின் ஆட்டோ ரிக்‌ஷாவை அறிமுகப்படுத்தியதற்கு முன்பிருந்த முன்புற எஞ்சின் வண்டிகளும், லாம்பிரெட்டா மரபின் மூன்று சக்கர வண்டிகளும் தெருக்களிலிருந்து மறைந்தது இவ்வழியில்தான். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை வெளியேற்றியபோது, பெர்மிட்டைப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொண்ட உரிமையாளருக்குப் பழைய வண்டியை வைத்திருக்க இடமும் இல்லை, காரணமும் இல்லை.

மூலவடிவம் எது என்ற கேள்வி இங்குதான் கடினமாகிறது. இந்தியாவில் மூன்று சக்கர வண்டி தொழிற்சாலையிலிருந்து முழுமை பெற்று வெளிவந்ததாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஹூட், இருக்கை, சரக்குப் பெட்டி, பக்கத் தடுப்புகள் ஆகியவை பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறைகளின் கைவேலை; கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும் பெருந்தொழில் வளர்ந்ததுபோல, சிறு வண்டிகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு சிறு தொழில் இருந்தது. பீங்கான் ஏற்றும் வண்டிக்கும் மீன் ஏற்றும் வண்டிக்கும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கும் பெட்டியின் உயரமும் தடுப்பின் இடைவெளியும் வேறுவேறாகவே அமையும். ஆகவே அவ்வண்டியைத் தொழிற்சாலைப் படத்தில் உள்ளதுபோல மாற்றிவிட்டால், உழைத்த காலத்தின் சான்று முழுவதும் அழிந்துவிடும். எஞ்சினையும் பிரேக்கையும் புதியவை போலாக்கி, பட்டறை சேர்த்த பாடியை அப்படியே காப்பதே நேர்மையான மீட்டெடுப்பு.

சட்டம் இதை ஏற்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளரின் விவரக்குறிப்புகளிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. சாலைப் பாதுகாப்பை எண்ணினால் இவ்விதி தேவையானதே. ஆனால் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு அறிவித்த பழமை வாகன விதிகள் மற்றொரு வாயிலையும் அடைத்துவிட்டன. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, வணிக நோக்கமற்ற, மூலவடிவில் பேணப்பட்ட வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் வழங்கும் அவ்விதிகளின்படி, புதுப் பதிவுக்கு ரூ. 20,000 கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்குச் செல்லும் சான்று கிடைக்கிறது. கண்காட்சிக்கும் பழமை வாகன ஊர்வலத்துக்கும் ஆய்வுக்கும் வண்டியைச் சாலையில் எடுத்துச் செல்லலாம். ஆயினும் அவ்விதிகள் இரு சக்கர வண்டிகளையும் நான்கு சக்கரக் கார்களையும் மட்டுமே பழமை வாகனம் என வரையறுக்கின்றன. மன்னர்களின் கார்களுக்கும் அதிகாரிகளின் மோட்டார் சைக்கிள்களுக்கும் பாரம்பரியத் தகுதி கிடைக்கிறது. கூலிக்காக ஓடிய மூன்று சக்கர வண்டிக்கு அந்தப் பதிவேட்டில் பத்தியே இல்லை.

இக்குறையைத் திருத்துவது அரிதான செயலன்று. ‘எல் 5’ என வகைப்படுத்தப்பட்ட மூன்று சக்கர வண்டிகளை அவ்விதியில் சேர்க்க வேண்டும். வணிகத்துக்கு ஓடிய வண்டி, அவ்வோட்டத்தை நிறுத்திய பிறகு பழமை வாகனமாகக் கருதப்பட இடமளிக்க வேண்டும். அக்காலத்துப் பட்டறை கட்டிய பாடியையும் மூலவடிவின் பகுதியாக ஏற்க வேண்டும். அதுவரை செய்யத்தக்க வேலை ஊர்களில் இருக்கிறது. விருத்தாசலத்திலோ வேறு சிறு நகரங்களிலோ பழைய மூன்று சக்கர வண்டியின் சேஸிஸ் ஒன்று கொட்டகையில் கிடந்தால், அதைக் காயலான் கடைக்கு எடைபோடுவதற்கு முன், சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு, பாடியை நாற்புறமும் படமெடுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் பெர்மிட் தாள்களையும் வண்டியோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, அந்தப் பாடியைக் கட்டிய பட்டறைக்காரர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதை எழுதி வைக்குமாறு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.